சளியில் கிருமி இல்லை, பிறகு?

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற செய்தி தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமம்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. காசநோய்க்கு எதிராகப் பல பத்தாண்டுகள் நடந்த பிரச்சாரத்தின் வெற்றி இது. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கும் இந்தச் செய்தி பொருந்தும். நெடுநாள் இருமுகிறவர் சளியைக் கொடுக்கிறார், சில நாட்களில் முடிவு வருகிறது. கிருமி இருந்தால் ஆறு மாத மருந்து, தொடர் கண்காணிப்பு, ஊட்டச்சத்துக்கு உதவித்தொகை என்று அரசின் மொத்த ஏற்பாடும் அவரைத் தாங்கிக்கொள்கிறது. கிருமி இல்லாவிட்டால்?

கிருமி இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால், பெரும்பாலும் அத்தோடு அவருடைய கதை மருத்துவப் பதிவேட்டில் முடிந்துவிடுகிறது. இருமல் மருந்தோடும் நாலைந்து மாத்திரைகளோடும் வீடு திரும்புகிறார். இருமல் நிற்பதில்லை. அடுத்த குளிர்காலத்தில் மூச்சிரைப்பும் சேர்ந்துகொள்கிறது. காசநோய் இல்லை என்று சொன்ன நமது பொதுச் சுகாதார அமைப்பு, பிறகு ஏன் இருமுகிறார் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதாரத்தில், அதிலும் ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளில், உடனே அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத பெருநோய்

அந்த இருமலுக்குப் பின்னால் பலருக்கு இருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவர்கள் சுருக்கமாக சிஓபிடி என்பார்கள். ஆண்டுக்கணக்கில் புகையும் தூசியும் உள்ளே போய், மூச்சுக்குழல்கள் தடித்துச் சுருங்கி, காற்றறைகளின் சுவர்கள் சிதைந்துபோகும். உள்ளே இழுத்த காற்றை முழுதாக வெளியே விட முடியாது. சிதைந்த திசு திரும்ப வளராது. சீக்கிரம் கண்டறிந்தால் சிதைவின் வேகத்தைக் குறைக்கலாம், மூச்சிரைப்பைத் தணிக்கலாம், திடீரென முற்றி மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலையைத் தவிர்க்கலாம்.

உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் இந்தியக் கணக்குப்படி, 1990-ல் 2.81 கோடிப் பேருக்கு இருந்த இந்நோய் 2016-ல் 5.53 கோடிப் பேரைப் பிடித்திருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 8.48 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இதய நோய்க்கு அடுத்தபடியாக இந்தியர்களை அதிகம் கொல்வது இதுதான். எல்லாம் பீடி, சிகரெட் செய்த வேலை என்று நினைத்தால் அது தவறு. இந்நோய் தரும் மொத்த நலிவில் புகையிலையின் பங்கு சுமார் 25 விழுக்காடு. வீட்டுப் புகையும் வெளிக்காற்று மாசும் சேர்ந்து சுமார் 54 விழுக்காடு. வேலையிடத்துத் தூசியும் புகையும் இன்னொரு 16 விழுக்காடு.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் 30 வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் சமைக்கும் பெண்களிடம் அது 3 விழுக்காடாக உயர்ந்தது. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்கள் இவர்கள். நுரையீரல் நோய் என்றதும் புகைபிடிக்கும் ஆணை மட்டுமே நினைக்கும் மருத்துவக் கண்ணுக்கு இவர்கள் தெரியவே மாட்டார்கள்.

மலை எதை மறைக்கிறது?

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல காற்று வாங்கவே சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மக்கள் இங்கே ஏறுகிறார்கள். ஊருக்குப் பொதுவான அந்தக் காற்று வேறு, மலைவாழ் மக்களின் வீட்டுக்குள் இருக்கும் காற்று வேறு. காபித் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளும் சில்வர் ஓக் மரத்தின் சுள்ளிகளும் கைக்கெட்டும் தூரத்தில் செலவில்லாமல் கிடைக்கும் விறகு. குளிர்காலத்தில் சமையல் முடிந்த பிறகும் அடுப்பை அணைக்க மனம் வராது. குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்தால் புகைக்கு வெளியேற வழி கிடையாது. கார்த்திகையில் தொடங்கிக் காபிப்பழம் பறிப்பு, அதன் பின்னே ஏணி சாத்தி மிளகு பறிப்பு என்று வேலை நெருக்கும் மாதங்களும் குளிரின் மாதங்களும் ஒன்றுதான். அடிவாரத்தில் இறங்கி வேலை பார்ப்போரில் சிலருக்கு மேக்னசைட் சுரங்கங்களின், சூளைகளின் வெள்ளைத் தூசியும் சேர்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, மலையின் நிலவமைப்பே நோயை மறைத்துவிடுகிறது. மூச்சிரைப்பை அளக்க மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் அளவுகோலில் முதல் படி, சமதரையில் வேகமாக நடக்கும்போதோ சிறு மேடு ஏறும்போதோ மூச்சு வாங்குகிறதா என்பது. சமவெளியில் இது கூர்மையான கேள்வி. தண்ணீருக்கும் கடைக்கும் பள்ளிக்கும் மேடேறியே போக வேண்டிய ஊரில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? 'மேட்டுல எளைக்கத்தான செய்யும்', 'வயசாயிருச்சு', 'பனிக்கு அப்படித்தான்' என்ற மூன்று பதில்களுக்குள் நோய் ஒளிந்துகொள்கிறது. நோயாளியும் இதைத்தான் நம்புகிறார், குடும்பமும் இதைத்தான் நம்புகிறது. அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் நம்பிவிடுகிறார்.

ஆகவே மலையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'ஏனுங்க அக்கா, போன வருசம் நிக்காம ஏறுன மேட்டுல இப்ப எத்தன தடவ நிக்கிறீங்க? கூட வேலைக்குப் போறவங்களுக்குப் பின்தங்கிப் போறீங்களா?' என்று கேட்க வேண்டும். சமவெளியின் அளவுகோலோடு ஒப்பிடாமல், ஒருவரை அவருடைய நேற்றோடும் அவர் வயதுக்காரர்களோடும் ஒப்பிடும் கேள்வி இது. அந்த ஊர்ப் பெண்ணே அந்த ஊர்ப் பேச்சில் கேட்டால் இதற்கு உண்மையான பதில் கிடைக்கும்.

எல்லாரையும் ஊதச் சொல்ல வேண்டுமா?

அப்படியானால் மலையில் உள்ள எல்லாரையும் நுரையீரல் செயல்திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்துவிடலாமே என்று தோன்றும். அது சரியான வழியாகாது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இந்நோய்க்கான பரிசோதனை தேவையில்லை என்று 2016-ல் சொன்னது. 2022-ல் மறு ஆய்வு செய்து அதையே உறுதிப்படுத்தியது. அறிகுறி இல்லாதவரிடம் கண்டறிவதால் அவர் வாழ்வு மேம்படும் என்பதற்குச் சான்று போதவில்லை என்பதே காரணம். சான்றை மதிக்கிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஆனால் அந்தப் பரிந்துரை அறிகுறி இல்லாதவர்களைப் பற்றியது. நமது கவலை இருமிக்கொண்டும் இரைத்துக்கொண்டும் இருந்தும் நோயின் பெயர் தெரியாதவர்களைப் பற்றியது. அவர்களைத் தேடிக் கண்டறிந்தால் பலன் உண்டா என்ற கேள்விக்குக் கனடா ஆய்வாளர்கள் 2024-ல் பதில் தந்தார்கள். 38,000-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து, அதுவரை கண்டறியப்படாத சிஓபிடியோ ஆஸ்துமாவோ உள்ள 595 பேரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 508 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். நுரையீரல் மருத்துவரும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து கவனித்த குழுவினர் மூச்சுக்கோளாறுக்காக மருத்துவ உதவி நாடியது, வழக்கமான சிகிச்சையில் விடப்பட்டவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நம்மைப் போன்ற நாடுகளிலிருந்தும் சான்று இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூர், பெருவின் லிமா, உகாண்டாவின் நகசெகெ ஆகிய இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு, சில எளிய கேள்விகளும் ஊதும் வேகத்தை அளக்கும் கைக்கருவியுமே சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்தெடுக்கப் போதிய அளவு உதவும் என்று காட்டியது. அதைவிட முக்கியமான செய்தி, நோய் உறுதியானவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது என்பது.

இந்தக் கைக்கருவிக்குப் பீக் ஃப்ளோ மீட்டர் என்று பெயர். மின்சாரம் வேண்டாம், விலை சில நூறு ரூபாய்தான், ஊதக் கற்றுக்கொடுக்கச் சில நிமிடம் போதும். இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். கேள்வியும் இக்கருவியும் சேர்ந்த இதே போன்ற முறையை அமெரிக்காவின் ஆரம்ப சுகாதார மையங்களில் சோதித்தபோது, நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அது தவறவிட்டது. எனவே, கருவி காட்டும் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, இரைத்துக்கொண்டிருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அறிகுறிக்குத்தான் முதலிடம்.

மலையில் இன்னொரு கவனமும் தேவை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று அடர்த்தி குறைந்தால் இந்தக் கைக்கருவி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் மலையில் நலமாக உள்ளவருக்கே சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். சமவெளி எண்களை அப்படியே மலைக்கு ஏற்றினால் நோயில்லாதவரை நோயாளி என்று மிரட்டிவிடுவோம். நலமாக உள்ள மலைவாழ் மக்கள் சில நூறு பேரை ஊதவைத்து, இந்த மலைக்கென்று அளவுகோல் வகுத்துக்கொள்ள வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு இது செய்யக்கூடிய வேலை, செய்ய வேண்டிய வேலையும்கூட.

கதவைத் தட்டும் கைகள் இருக்கின்றன

இதற்கெல்லாம் புதிதாக ஒரு துறையைத் தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2 கோடிப் பயனாளிகளைத் தாண்டிவிட்டது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார். இவ்வளவு அருகில் போய்விட்ட திட்டம், அதே வீட்டில் இரைத்துக்கொண்டிருக்கும் நெஞ்சை அளக்காமல் திரும்பக் கூடாது.

தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டம் சிஓபிடியையும் ஆஸ்துமாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 30 வயதைத் தாண்டியவர்களுக்காகக் களப்பணியாளர் நிரப்பும் அத்திட்டத்தின் படிவத்தில் எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள், புகையிலும் தூசியிலும் வேலையா, மூச்சுத்திணறல் உண்டா என்ற கேள்விகளும் இருக்கின்றன. ஆனால் ஒருவருக்கு உள்ள ஆபத்தைக் கணக்கிடும் மதிப்பெண்ணில் விறகடுப்புக்கு இடமில்லை. விறகு என்று எழுதிக்கொள்வதோடு சரி. அடுத்து என்ன செய்வது என்பது களப்பணியாளர் கையில் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கிடப்பில் போடுவது அந்தப் பெண்களின் நேரத்துக்கு நாம் செய்யும் அவமரியாதை.

எளிய அளவைகளால் உயிர் காக்க முடியும் என்பதைத் தமிழ்நாடு காசநோயில் ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', உடல் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றை வைத்தே கவலைக்கிடமானவர்களைப் பிரித்து மருத்துவமனையில் சேர்க்கிறது. ஆய்வகத்துக்காகக் காத்திருக்கவில்லை. அதே அணுகுமுறையைக் கிருமி இல்லை என்று முடிவு வந்தவருக்கும் நீட்டிக்கலாம். சளி முடிவைக் கொடுக்கும் அதே நாளில், அதே மேசையில், நாலு கேள்வியும் ஒரு ஊதலும் போதும். காசநோய் வந்து குணமானவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். கிருமி போன பிறகும் தழும்பேறிய நுரையீரலில் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

மருந்து இல்லாமல் கண்டறிவது அநீதி

கண்டறிந்த பிறகு கொடுக்க மருந்து இல்லை என்றால் இவ்வளவும் வீண். வீணென்பதைவிட, உனக்குத் தீராத நோய் என்று சொல்லிக் கைவிரிப்பது கொடுமை. மூச்சிரைப்புக்கு மாத்திரையும் ஊசியும்தான் சிகிச்சை என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இழுக்கும் மருந்தான இன்ஹேலர் மிகக் குறைந்த அளவில் நேராக மூச்சுக்குழலுக்கே போய் வேலை செய்கிறது, பக்கவிளைவும் குறைவு. ஆனாலும் 'இன்ஹேலர் போட்டா விடவே முடியாது' என்ற அச்சம் ஊருக்கு ஊர் இருக்கிறது. நுரையீரலுக்கான முக்கியமான இன்ஹேலர்கள் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளன. 1994-ல் தொடங்கப்பட்டு நாட்டுக்கே முன்மாதிரியாக மருந்து கொள்முதல் செய்துவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சர்க்கரை மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வதைப் போலவே இன்ஹேலரும் மலை மீதுள்ள எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தீராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

மருந்தை வீணாக்காமல் இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குடுவை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அரை லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில் துளையிட்டுச் செய்த குடுவை, ஆஸ்துமா முற்றிய குழந்தைகளுக்குக் கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு நிகராக உதவியதைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். செலவு அதிகம் என்ற சாக்கு இங்கே எடுபடாது.

பக்கத்திலேயே முன்மாதிரியும் உண்டு. கேரளம் தன் 'ஆர்த்ரம்' இயக்கத்தின் கீழ் குடும்ப சுகாதார மையங்களில் 'சுவாஸ்' என்ற திட்டத்தை நடத்துகிறது. பயிற்சி பெற்ற செவிலியர் மூச்சை அளக்கிறார், மருத்துவர் சிஓபிடியா ஆஸ்துமாவா என்று பிரிக்கிறார், இன்ஹேலர் கிடைக்கிறது, அதை இழுக்கும் முறையும் சொல்லித்தரப்படுகிறது. நிபுணர் இல்லாத இடத்திலும் நுரையீரலைக் கவனிக்கலாம் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. மூச்சுப் பயிற்சியும் படிப்படியான நடைப் பயிற்சியும் இந்நோய்க்கு மருந்தளவுக்கு முக்கியம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர் இதையும் கற்றுக்கொடுத்தால், பெருநகர மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கும் சிகிச்சை மலை வீட்டுத் திண்ணையில் கிடைக்கும்.

அடுப்பையும் மாற்ற வேண்டும்

நோயைக் கண்டறிந்து மருந்து கொடுத்து மறுபடியும் அதே புகைக்குள் அனுப்பினால் பயனில்லை. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஆய்வு, தூய எரிபொருளுக்கும் காற்றோட்டமான சமையலறைக்கும் மாறியவர்களின் நுரையீரல் திறன் மெதுவாகவே குறைந்ததையும், அவர்களில் குறைவானவர்களுக்கே இந்நோய் வந்ததையும் 2014-ல் எடுத்துக்காட்டியது. தமிழ்நாடு 2007-லேயே இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. இன்று மாநிலத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வீடுகள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. மீதியுள்ள வீடுகள் பெரும்பாலும் விறகு அருகிலும் சிலிண்டர் தொலைவிலும் இருக்கும் ஊர்களில்தான் இருக்கின்றன. இணைப்பு கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. தீர்ந்த சிலிண்டருக்கு மாற்று, மலைச் சிற்றூரின் வாசலுக்கே கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும். அதுவரை கூரையில் ஒரு புகைபோக்கியாவது அமைத்துத் தர ஊராட்சியால் முடியும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்வது நிர்வாகத்தின் கடமை என்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிலைநாட்டியது. காபி பறிப்பு தொடங்கும் முன், மழைக்கால முடிவில், ஆண்டுக்கொரு முறை நுரையீரல் முகாம் நடத்தி, வேலைநாள் கூலியைப் பிடிக்காமல் தொழிலாளர்களை அனுப்பிவைப்பது நிர்வாகங்களுக்குப் பெரிய சுமையல்ல.

ஏற்காட்டில் தொடங்குவோம்

உலகச் சுகாதாரப் பேரவை 2025 மே மாதத்தில் நுரையீரல் நலத்துக்கென்றே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிக் கதவு வைக்காமல் நுரையீரலை முழுதாகப் பார்க்கும்படி அது நாடுகளைக் கேட்கிறது. தமிழ்நாடு அதைச் செயலாக்க ஏற்காடு ஒன்றியம் பொருத்தமான இடம். எல்லை தெளிவானது, ஊராட்சிகள் சில, குடியிருப்போரில் பெரும்பான்மையினர் மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடியான மலையாளிகள், மருத்துவக் கல்லூரி மலையிறங்கும் தூரத்தில் இருக்கிறது.

முதலில் இன்ஹேலரும் ஸ்பேசரும் மலைக்கு வரட்டும். அதன் பிறகு தன்னார்வலர் பைக்குள் பீக் ஃப்ளோ மீட்டர் போகட்டும்; கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் போகட்டும். சளியில் கிருமி இல்லாதவர், காசநோயிலிருந்து மீண்டவர், விறகில் சமைக்கும் நாற்பது வயதைக் கடந்த பெண், பீடி பிடிப்பவர், தூசியில் வேலை செய்பவர் ஆகியோரில் இருமலோ இரைப்போ உள்ள அனைவரையும் தன்னார்வலர் ஊதவைக்கட்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஒரு ஸ்பைரோமீட்டரும் அதை ஒழுங்காக இயக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் இருந்தால், சேலத்திலிருந்தே நிபுணர் வரைபடத்தைப் பார்த்து நோயை உறுதிசெய்ய முடியும். எத்தனை பேருக்கு நோய் உறுதியானது, எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் மருந்து எடுக்கிறார்கள் என்ற இரண்டு எண்களை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணை மட்டும் காட்டி மேடையில் கைதட்டு வாங்கினால் அந்தத் திட்டம் தோற்றதாகவே கொள்ள வேண்டும்.

அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்குத் தேவைப்படுவது பெருந்தொகை அல்ல. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும் அரசு, மூச்சுக்கும் போக வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் தேவை. அந்த முடிவு ஏற்காட்டில் நடைமுறைக்கு வந்தால் கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் அதை எடுத்துச்செல்ல ஆதாரம் நம் கையில் இருக்கும்.